பண்டைய உரோமில் மறைசமயங்களும் அரசதிகாரமும்

பண்டைய உரோமின் அரச சமயம் தனிமனிதனின் ஆன்ம ஈடேற்றத்தை முதன்மைப்படுத்தியதன்று. தேவர்களுக்குரிய கிரியைகளை முறைப்படி செய்து அரசின் நலனைப் பேணுவதே அதன் தலையாய நோக்கமாயிருந்தது. அதற்குப் புறம்பாக, தீக்கை பெற்றோர் மாத்திரமே அறியத்தக்க சடங்குகளையுடைய வழிபாடுகளும் அங்கு நிலவின. இவையே மறைசமயங்கள் எனப்படுவன. இவற்றை அரசு எதிர்கொண்ட முறை ஒரே தன்மையதாக இருக்கவில்லை. அதற்கான காரணத்தை இரு சான்றுகள்வழி ஈண்டு நோக்கலாம்.

கி. மு. 186இல் செனற் சபை பாக்கஸ் வழிபாட்டினரை இத்தாலியெங்கும் ஒடுக்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின் எழுதிய வரலாற்றாசிரியர் லிவி, காமக் களியாட்டம், நஞ்சூட்டல், பொய்யுறுதி தயாரித்தல் முதலிய குற்றங்களை இவ்வழிபாட்டினர்மீது சுமத்துகிறார். 7,000 பேருக்கு மேல் சம்பந்தப்பட்டிருந்தனர் என்றும், சிறையிடப்பட்டோரிலும் கொல்லப்பட்டோரே மிகுதி என்றும் அவர் கூறுவர்.

எனினும், செனற் சபையின் ஆணை பொறிக்கப்பட்ட வெண்கலத் தகடு ஒன்று தென் இத்தாலியின் திரியோலோவில் 1640இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் ஒழுக்கக்கேடு பற்றிய பேச்சே இல்லை. வழிபாடு முற்றாகத் தடைசெய்யப்படவுமில்லை. ஆண்கள் பூசகராதல், எவரேனும் தலைவராதல், பொதுநிதி வைத்திருத்தல், தம்முள் சூளுரைத்து ஒன்றுபடுதல் என்பனவே விலக்கப்பட்டன. ஆண்கள் இருவரும் பெண்கள் மூவருமாக ஐவருக்கு மேற்பட்டோர் கூடுவதாயின், நூறு உறுப்பினருக்குக் குறையாத செனற் சபையின் இசைவு வேண்டும். மீறினோருக்கு மரண தண்டனை. ஆகவே, அரசு அஞ்சியது தெய்வத்திற்கன்று. தலைமையும் நிதியும் உடைய சுயாதீனமான அமைப்பிற்கே எனலாம். கார்த்தேச்சுடனான போர் (கி. மு. 218–201) தென் இத்தாலியைச் சீரழித்திருந்த சூழ்நிலையில், ஆண், பெண், அடிமை, குடிமகன் என்ற எல்லைகளைக் கடந்த கூட்டங்கள் ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தியமை வியப்பன்று.

கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பரவிய மித்திராஸ் சமயத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இதுவும் மறைவானதே, குகை போன்ற சிற்றறைகளில் சிறு குழுவினராகவே இதனைச் சார்ந்தோர் கூடினர். படைவீரர், அரச அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள் ஆகியோர் இதில் மிகுதியாக இடம்பெற்றனர். ஆயினும் பெண்களுக்கு இடமில்லை. காகம் முதல் தந்தை ஈறாக ஏழு படிநிலைகள் வகுக்கப்பட்டிருந்தன. கீழோன் மேலோனுக்குப் பணிந்து, படிப்படியாக உயரும் ஒழுங்கு படைக்கும் அரச பணிக்கும் இயைந்ததாகும். கி. பி. 308இல் கார்னுந்தும் நகரிற் பேரரசர்கள் கூடியபோது, மித்திராஸ் கோயிலொன்றைப் புதுப்பித்து, தமது ஆட்சியின் துணைவனாக அத்தெய்வத்தைப் போற்றினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அரசின் தன்மையும் மாறிவிட்டது. எனினும் ஓர் உண்மை புலனாகின்றது. மறைவு என்பது மட்டும் குற்றமாகவில்லை. சமூகப் படிநிலையைக் குலைக்கும் மறைவு சதியென ஒறுக்கப்பட்டது. அதனைப் பேணும் மறைவு பக்தியெனப் போற்றப்பட்டது. ஒடுக்கப்பட்டோரின் சமயங்களை ஒடுக்கியோரின் எழுத்துகள்வழியே அறிய நேரும்போது, ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டுகளின் பின்னே எவ்வகை அச்சம் உறைகின்றது என வினவுவது வரலாற்று மாணவரின் கடமையாகும்.