அடக்கேற்பிகளின் இயல்பு

உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் பகையை அழித்தல் வேண்டும். அழித்தபின் அடங்குதலும் வேண்டும். அடங்காவிடின் அவை தம் உடலையே தாக்கும். அவ்வடக்கத்தைத் தருவனவற்றுள் தலையாயவை அணுவின் மேற்பரப்பிலுள்ள சில ஏற்பிகளாகும். இவற்றைத் 'தடுப்பேற்பி' எனின், நோய்த்தடுப்பு என்னும் வழக்கோடு மயங்கும்; ஆதலின் யாம் 'அடக்கேற்பி' என்கின்றோம்.

பி.டி.-1 என்னும் அடக்கேற்பியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1992-இல் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோ குழுவினர் இதனைக் கண்டறிந்தனர். டி-அணு கிளர்ச்சியுற்ற பின்னரே இது மிகுதியாகத் தோன்றுகின்றது. பிற அணுவின் மேலுள்ள பி.டி.-எல்1 என்னும் புரதம் இதனோடு பொருந்தியவுடன், அணுவின் உட்புறம் நீண்டுள்ள இதன் வாற்பகுதியில், டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட்டு ஏறுகின்றது. அவ்விடத்தை எஸ்.எச்.பி.-2 என்னும் நொதி வந்து பற்றுகின்றது. கிளர்ச்சிக் குறிப்பு பாஸ்பேட்டு ஏறுதலாலேயே உட்செல்வது, இந்நொதியோ சி.டி.28 முதலிய புரதங்களினின்றும் அப்பாஸ்பேட்டைக் களைகின்றது. எனவே குறிப்பு இடைவழியில் நலிகின்றது.

இவ்வடக்கம் இன்றேல் என்னாகும்? பி.டி.-1 மரபணு நீக்கப்பெற்ற எலிகள் முதிருங்கால் தம் உடலையே தாக்கும் நோய்க்கு ஆளாயின என 1999-இல் அறியப்பட்டது. மறுதலையாக, புற்றணுக்கள் பல பி.டி.-எல்1-ஐத் தாங்கி இவ்வடக்கத்தைத் தமக்கு அரணாக்கிக் கொள்கின்றன. இப்பிணைப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் இன்று மருந்தாகப் பயன்படுகின்றன. ஹோஞ்சோவும், சி.டி.எல்.ஏ.-4 என்னும் மற்றோர் அடக்கேற்பியை ஆய்ந்த ஜேம்ஸ் அலிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும் இம்மருந்துகளால் தோல், குடல், நுரையீரல் ஆகியன சிலர்க்கு அழற்சியுறுதலும் உண்டு. அடக்கமும் காப்பின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும்.