பாரிமுனையில் ஒரு தட்டு அத்தோ

வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் உளுந்தில் பெரும்பகுதி பர்மா உளுந்து என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வாங்கிக்கொள்வதாக 2021 இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூட்டை மூட்டையாக அந்த ஊர்ச் சரக்கை விற்றிருக்கிறோமே தவிர, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டதில்லை. சென்ற மாதம் கொள்முதல் விஷயமாகச் சென்னை சென்றபோது அதற்கு வாய்த்தது.

பாரிமுனையில் வேலை முடிய மாலை ஆகிவிட்டது. பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் வரிசையாக வண்டிக் கடைகள். எல்லாவற்றிலும் ஒரே சரக்கு: அத்தோ. 'அதோக்' என்றால் பர்மிய மொழியில் கலந்து பிசைந்தது என்று பொருள். அதுதான் நம்மவர் வாயில் அத்தோ ஆயிற்று.

கடைக்காரத் தம்பி செய்வதைக் கவனித்தோம். அவித்து எண்ணெய் தடவி வைத்த நூடுல்ஸ் ஒரு கை. அதன்மேல் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், கடலை மாவு, மிளகாய்ப் பொடி, உப்பு, புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், பொரித்த வெங்காயம். 'பேஜோ' என்னும் தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தட்டில் வைக்கிறார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அதே சூப்பில் சேமியா போன்ற நூடுல்ஸைப் போட்டால் அது மொய்ங்கா. பர்மாவில் மீன் சாறும் இறால் பொடியும் சேர்ப்பார்களாம். இங்கே பெரும்பாலும் அது இல்லை. மளிகைக்காரர் கண்ணுக்கு வேறொன்றும் தெரிந்தது. நூடுல்ஸைத் தவிர அத்தனையும் நம் கடைச் சரக்கும் காய்கறி மண்டிச் சரக்கும்தான்! அடுப்பு வேலை குறைவு, பிசையப் பிசைய விற்பனை, மீதம் என்று அதிகம் நிற்காது.

முதல் வாயிலேயே அந்தப் பூண்டு எண்ணெய் வாசனை நம்மை ஆலங்குடிக்குக் கொண்டுபோய்விட்டது.

1962 இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே மற்ற ஊர்க் கடைகளும் போயின. காலையில் கடை திறக்கப் போனவர் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதாயிற்று. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள். 2016 நவம்பரில் நாம் வங்கி வாசலில் நின்று பட்டபாட்டை மறந்திருக்க மாட்டோம். அவர்களுக்கோ அதற்கு முன்பே கடையும் இல்லை. கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். 1969 இல் சென்னையில் பர்மா பஜார் வந்தது அவர்கள் பிழைப்புக்காகத்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நம் தகப்பனார் கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். ரங்கூனில் சொந்த மளிகைக் கடை வைத்திருந்தவர். இங்கே எங்களைப் போன்ற பொடியன்களைக்கூட 'வாங்க தம்பி' என்றுதான் கூப்பிடுவார். மதியம் கடைக்குப் பின்னால் பூண்டை எண்ணெயில் வறுத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைவார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஒரு நாள் அவர் தகப்பனாரிடம், "அண்ணே, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வண்டி போடலாம் என்றிருக்கிறேன். சரக்கு மட்டும் ஒரு மாதம் கடனாகக் கொடுங்கள்" என்று கேட்டார். தகப்பனார் கெட்டவரல்லர், ஆனாலும், "பர்மாச் சாப்பாட்டை ஆலங்குடியில் எவன் தின்பான்?" என்று சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். 1971 ஆம் ஆண்டாக இருக்கலாம். சில வாரங்களில் சென்னைக்குப் போவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, சரக்கு ரொக்கமா?" என்று கேட்டோம். "இல்லைங்க ஐயா. சாயங்காலம் எடுப்போம், காலையில் கணக்குத் தீர்ப்போம். எங்க தாத்தா காலத்திலிருந்து அதே கடைதான்" என்றார். தாத்தாவுக்கு எந்த ஊர் என்றோம். பரமக்குடிப் பக்கமாம். நாம் நினைத்தவர் இல்லை. இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கிப் பார்த்தோம். இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. மூன்றாவதில் அவர் பக்கம் கிடைத்தது. பற்று ஒரு பைசா இல்லை. வரவில் மட்டும், கடைசி மாதச் சம்பளத்தில் அவர் வாங்காமல் விட்டுப்போன 11 ரூபாய் இன்னும் நிற்கிறது.