சுழலும் ஆண்டெனாவுக்கு ஏற்ற நெகிழ்வான ஓரச்சு வடம்

ஓரச்சு வடம் அல்லது கோஆக்சியல் கேபிள் என்பது வானொலிக் கருவியையும் ஆண்டெனாவையும் இணைக்கும் வடம் ஆகும். ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையங்களில் ஆண்டெனா பெரும்பாலும் ஒரு மோட்டார் சுழற்றியின் மீது பொருத்தப்பட்டு, வேண்டிய திசைக்குத் திருப்பப்படுகிறது. அப்போது வடத்தின் மேற்பகுதியும் ஆண்டெனாவுடன் சேர்ந்து திரும்புகிறது. அசையும் இப்பகுதி பொதுவாக இரண்டு அல்லது மூன்று மீட்டர் நீளமே இருக்கும். எனினும் நிலையத்தில் பழுது ஏற்பட்டால் முதலில் ஐயப்பட வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று.

வடம் வாங்கும்போது பலரும் அதன் இழப்பு எவ்வளவு என்பதை மட்டுமே பார்க்கின்றனர். அசையாத பகுதிக்கு அது சரியான அளவுகோல். அசையும் பகுதிக்கோ, ஆயிரக்கணக்கான முறை வளைந்தாலும் வடம் கெடாமல் இருக்குமா என்பதே முதற்கேள்வி. இவ்விரு பகுதிகளின் வேலையும் வேறு வேறு என்பதால், இரண்டிற்கும் ஒரே வடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆண்டெனாவைச் சுழற்றுவதன் தேவை

யாகி போன்ற திசைசார் ஆண்டெனாக்கள் ஆற்றலை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரு பக்கமாகக் குவிக்கின்றன. ஆகவே தொடர்பு கொள்ள விரும்பும் நிலையத்தை நோக்கி அவற்றைத் திருப்ப வேண்டும். பல சுழற்றிகள் 360 பாகை வரை சுழலும். சில 450 பாகை வரையும் சுழலும். செயற்கைக்கோள் வழித் தொடர்புக்கு ஆண்டெனா பக்கவாட்டில் திரும்புவதோடு மேலும் கீழும் சாயவும் வேண்டும். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட இந்தியாவின் ஹாம்சாட் செயற்கைக்கோள், 435 மெகாஹெர்ட்ஸில் குறிகைகளைப் பெற்று 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பியது. இத்தகைய கோள் வானத்தைக் கடந்து செல்லும் சில நிமிடங்களில் ஆண்டெனா தொடர்ந்து அதைப் பின்தொடர வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கடப்பின்போதும் வடம் வளைந்து நிமிர்கிறது.

வடத்தின் அமைப்பு

ஓரச்சு வடத்திற்கு 1880-இல் இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை பெற்றார். இன்றைய வடத்திலும் அடிப்படையில் நான்கு அடுக்குகளே உள்ளன.

1. நடுக்கடத்தி: மையத்தில் செல்லும் உலோகக் கம்பி. இது ஒற்றைக் கம்பியாகவோ பல மெல்லிய இழைகளை முறுக்கியதாகவோ இருக்கும்.
2. மின்காப்பு: நடுக்கடத்தியைச் சுற்றியுள்ள பாலிஎத்திலீன் அல்லது டெஃப்லான். பாலிஎத்திலீன் திண்மமாகவோ நுரை வடிவிலோ இருக்கும்.
3. வெளிக்கடத்தி: செப்பிழைகளால் ஆன பின்னல். சில வடங்களில் பின்னலுக்கு அடியில் அலுமினியத் தகடும் இருக்கும்.
4. மேலுறை: வெயில், மழை, உராய்வு ஆகியவற்றிலிருந்து காக்கும் கறுப்பு உறை.

நடுக்கடத்தியின் விட்டம், மின்காப்பின் தன்மை, வெளிக்கடத்தியின் விட்டம் ஆகிய மூன்றும் வடத்தின் மின்மறுப்பைத் தீர்மானிக்கின்றன. அமெச்சூர் வானொலியில் பெரும்பாலும் 50 ஓம் வடமே பயன்படுகிறது. நடுக்கடத்தி சரியாக மையத்தில் இருந்தால்தான் இந்த மதிப்பு மாறாமல் இருக்கும்.

வளையும்போது நிகழ்வன

ஒரு கம்பியைக் கையில் பிடித்து ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மடக்கினால் அது இறுதியில் ஒடிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கம்பி தடிமனாக இருந்தால் அதன் வெளிப்பரப்பு அதிகமாக இழுபடுகிறது. மெல்லிய இழைகளில் இந்த இழுவிசை குறைவு. எனவே பல்லிழைக் கடத்தி, ஒற்றைக் கம்பியைவிட வளைவைத் தாங்கும்.

அலுமினியத் தகடும் இதே காரணத்தால் விரிசல் விடுகிறது. தகடு கிழிந்தாலும் பின்னல் இருப்பதால் வடம் உடனே செயலிழக்காது. ஆனால் ஆண்டெனா திரும்பும்போதோ காற்றில் ஆடும்போதோ ஏற்பியில் கரகரப்பு எழலாம். இது காரணம் கண்டுபிடிக்கக் கடினமான பழுது ஆகும்.

மூன்றாவது சிக்கல் மின்காப்பில் ஏற்படுகிறது. நுரை பாலிஎத்திலீன் மென்மையானது. இறுக்கமாக வளைத்த நுரை வடம் கடும் வெயிலில் சூடேறினால், நடுக்கடத்தி நுரையை அழுத்திக்கொண்டு மெல்ல ஒரு பக்கமாக நகரும். அவ்விடத்தில் மின்மறுப்பு மாறும். நகர்வு முற்றினால் நடுக்கடத்தி வெளிக்கடத்தியைத் தொட்டு மின்சுற்று குறுகிவிடும்.

நெகிழ்வுள்ள வடத்தின் அடையாளங்கள்

எளிதாக வளையும் வடமெல்லாம் அடிக்கடி வளைவதற்கு ஏற்றது அல்ல. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

- நடுக்கடத்தி பல்லிழையாக இருத்தல்.
- வெளிக்கடத்தியில் அடர்த்தியான செப்புப் பின்னல் இருத்தல்.
- மின்காப்பு திண்ம பாலிஎத்திலீனாகவோ டெஃப்லானாகவோ இருத்தல். நுரையாக இருந்தால் வளைவு பெரிதாக இருத்தல்.
- மேலுறை புற ஊதாக் கதிரைத் தாங்குதல்.
- குறைந்தபட்ச வளைவு ஆரம் தரப்பட்டிருத்தல்.

வளைவு ஆரத்திற்கு இரண்டு எண்கள் தரப்படுவதுண்டு. ஒன்று, பொருத்தும்போது ஒரே முறை வளைப்பதற்கானது. மற்றொன்று, மீண்டும் மீண்டும் வளைப்பதற்கானது. எடுத்துக்காட்டாக, எல்எம்ஆர்-400 வடத்திற்கு முதல் எண் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். இரண்டாவது எண் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சுழலும் ஆண்டெனாவுக்கு இரண்டாவது எண்ணே பொருந்தும். அந்த எண் தரப்படாதபோது, வடத்தின் விட்டத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல் ஆரம் வைப்பது பாதுகாப்பான வழக்கம்.

பரவலாகப் பயன்படும் வடங்கள்

ஆர்ஜி-58: 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. விலை குறைவு, எளிதில் வளையும். ஆனால் 144 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 18 முதல் 20 டெசிபெல் வரை இழப்பு உண்டு. அதிக ஆற்றலுக்கும் நீண்ட தொலைவுக்கும் ஏற்றதன்று.

ஆர்ஜி-213: ஏறத்தாழ 10.3 மில்லிமீட்டர் தடிமன். ஏழு செப்பிழைகளால் ஆன நடுக்கடத்தியும் திண்ம பாலிஎத்திலீன் மின்காப்பும் கொண்டது. இழப்பு 144 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 டெசிபெல். மையக் கம்பி நகர்வதற்கான வாய்ப்பு குறைவு என்பதால் அசையும் பகுதிக்கு நீண்டகாலமாகப் பயன்படுகிறது.

எல்எம்ஆர்-400: தடிமன் ஆர்ஜி-213 போன்றதே. செம்பு பூசிய அலுமினியத்தாலான ஒற்றைக் கம்பி, நுரை மின்காப்பு, தகடும் பின்னலும் சேர்ந்த வெளிக்கடத்தி ஆகியவை உண்டு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பில் மட்டுமே பாயும். 144 மெகாஹெர்ட்ஸில் அது செம்பினுள் சில மைக்ரோமீட்டர் ஆழமே செல்வதால், மெல்லிய செம்புப் பூச்சே போதுமானது. இழப்பு 100 மீட்டருக்கு ஏறத்தாழ 5 டெசிபெல். நிலையான பகுதிக்குச் சிறந்தது. விறைப்பானது என்பதால் சுழலும் பகுதிக்கு ஏற்றதன்று.

எல்எம்ஆர்-400 அல்ட்ராஃப்ளெக்ஸ்: மேற்கண்ட வடத்தின் நெகிழ்வான வகை. பல்லிழைச் செப்புக் கடத்தியும் ரப்பர் போன்ற மேலுறையும் கொண்டது. இழப்பு மூலவகையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல்.

ஆர்ஜி-400: 5 மில்லிமீட்டர் தடிமன். வெள்ளி பூசிய செப்பிழைகள், டெஃப்லான் மின்காப்பு, இரட்டைப் பின்னல் ஆகியவை உள்ளன. வெப்பத்தை நன்கு தாங்கும். விலை அதிகம் என்பதால் ஒரு மீட்டர் அளவிலான குறுந்துண்டுகளுக்கே பயன்படுகிறது.

இழப்புக் கணக்கு

நெகிழ்வான வடத்தில் இழப்பு கூடுதலாக இருப்பதால் ஆற்றல் வீணாகுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரு சிறு கணக்கு அதைத் தீர்க்கும். நிலையான பகுதி 30 மீட்டர், சுழலும் பகுதி 3 மீட்டர், கருவி தரும் ஆற்றல் 100 வாட், அதிர்வெண் 144 மெகாஹெர்ட்ஸ் எனக் கொள்வோம்.

- 33 மீட்டரும் எல்எம்ஆர்-400 என்றால்: இழப்பு 1.65 டெசிபெல், ஆண்டெனாவை அடைவது ஏறத்தாழ 68 வாட்.
- 30 மீட்டர் எல்எம்ஆர்-400, 3 மீட்டர் ஆர்ஜி-213 என்றால்: இழப்பு ஏறத்தாழ 1.76 டெசிபெல், அடைவது 67 வாட்.
- 33 மீட்டரும் ஆர்ஜி-213 என்றால்: இழப்பு ஏறத்தாழ 2.8 டெசிபெல், அடைவது 52 வாட்.

முதல் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு ஒரு வாட் மட்டுமே. அந்த ஒரு வாட்டைச் சேமிக்க விறைப்பான வடத்தைச் சுழற்றியின் மீது வளைத்துவிட்டால், அது ஒடியும் நாளில் ஆண்டெனாவை எதுவுமே அடையாது. 432 மெகாஹெர்ட்ஸிலும் இதே ஏற்பாட்டில் வேறுபாடு இரண்டு மூன்று வாட் அளவே இருக்கும். 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்களில் 33 மீட்டரும் ஆர்ஜி-213 ஆக இருந்தாலும் இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவே. அங்கு இரண்டு வகை வடம் தேவையில்லை.

இரு வடங்களையும் இணைக்க ஒரு கூடுதல் இணைப்பு தேவைப்படும். சரியாகப் பொருத்தப்பட்ட இணைப்பியின் இழப்பு மிகச் சிறியது. பழுதானால் மூன்று மீட்டர்த் துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது கூடுதல் நன்மை.

சுழற்சி வளையம் அமைத்தல்

சுழற்றிக்கு மேலே திரும்பும் கம்பத்திலும், கீழே அசையாத கோபுரத்திலும் வடத்தைக் கட்டி, இடையில் தளர்வாகத் தொங்கவிடப்படும் பகுதி சுழற்சி வளையம் எனப்படும். அதை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. சுழற்றியை முதலில் அதன் சுழற்சி வரம்பின் நடுவில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் வடம் இருபுறமும் சமமாகத் திரும்பும்.
2. இரு எல்லைகளிலும் வடம் இழுபடாத அளவுக்கு நீளம் விட வேண்டும். 450 பாகை சுழற்றிக்குக் கூடுதல் நீளம் தேவை.
3. வளைவு ஒரே இடத்தில் குவியாமல் வளையம் முழுவதும் பரவ வேண்டும். கட்டுமிடத்தில் செங்குத்தாக மடியக் கூடாது.
4. கட்டும் பட்டையை வடம் நசுங்குமளவு இறுக்கக் கூடாது.
5. வடம் கோபுரத்தின் கூரிய விளிம்புகளில் உராயக் கூடாது. ஏணிப்படி, போல்ட் ஆகியவற்றில் மாட்டிக்கொள்ளவும் கூடாது.

இணைப்பிகளும் நீர்க்காப்பும்

இணைப்பியின் மீது இழுவிசையோ வளைவோ விழாதவாறு, அதற்குச் சற்றுத் தள்ளி வடத்தைக் கட்ட வேண்டும். பிஎல்-259 வகை இணைப்பி இயல்பாக நீர் புகாதது அல்ல. என் வகை இணைப்பியில் ரப்பர் வளையம் உண்டு. 432 மெகாஹெர்ட்ஸுக்கும் அதுவே ஏற்றது. எதுவாயினும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டையைச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்புப் பட்டையைச் சுற்ற வேண்டும். கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓட்டுக்கூரை போல ஒவ்வொரு சுற்றும் முந்தியதை மூடி, மழைநீரை வழியச் செய்யும். நீர் புகுந்தால் பின்னல் கறுத்து, இழப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்.

சோதித்தல்

நிலையலை விகிதமானியைப் பார்த்துக்கொண்டே குறைந்த ஆற்றலில் ஆண்டெனாவை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை திருப்ப வேண்டும். அளவி சட்டென்று தாவினால் அசையும் வடத்திலோ இணைப்பியிலோ பழுது இருக்கக்கூடும். ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் தோன்றி மறையும் பழுது இதற்கு முக்கிய அறிகுறி. அந்நிலையில் முழு ஆற்றலில் ஒலிபரப்பினால் கருவியின் இறுதி நிலை டிரான்சிஸ்டர்கள் சேதமடையலாம். மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை இச்சோதனையைச் செய்வது நல்லது. வளையத்தின் மேலுறையில் வெடிப்போ வெளுப்போ தெரிந்தால், பழுது வரும்வரை காத்திராமல் அத்துண்டை மாற்றிவிட வேண்டும்.

முக்கியத்துவம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் வழக்கமான தகவல் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. அப்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் வானொலி இயக்குநர்கள் செய்திகளைப் பரிமாறி உதவினர். இத்தகைய நேரங்களில் யாரும் கோபுரத்தில் ஏறி வடத்தை மாற்றிக்கொண்டிருக்க இயலாது. நிலையத்தின் வலிமை அதன் மிக நலிந்த பகுதியின் வலிமையே ஆகும். சுழலும் ஆண்டெனா உள்ள நிலையத்தில், ஓயாமல் வளைந்து நிமிரும் அந்த மூன்று மீட்டர் வடமே எளிதில் நலிவடையும் பகுதி. அதற்கேற்ற வடத்தைத் தெரிவு செய்தால், புயல் நாளிலும் ஆண்டெனா வேண்டிய திசைக்குத் திரும்பும். செய்தியும் சென்று சேரும்.