குட்டி ஜப்பானுக்கு ஒரு நீலக் கோடு

தீபாவளி முடிந்ததும் சிவகாசி வட்டாரத்தில் வேலையும் அடங்கிவிடும். பூட்டிய பட்டாசு ஆலைகளைத் திறக்கச் சில வாரமாகும், சில வருஷம் அதற்கும் மேலே இழுக்கும். பூஜை போட்டு, புது ஆர்டர் வந்து, மருந்து காய வெயிலும் கூடி வரவேண்டும். அதுவரை வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் போனஸ் பணம் எண்ணி எண்ணிச் செலவாகும். அது தீர்ந்தால் அடுத்த சீசன் கூலியைக் காட்டி அட்வான்ஸ் வாங்க வேண்டியதுதான்.

கரிசல் காட்டில் சைக்கிள் மிதிக்கத் தோதான காலமும் இதுதான். கார்த்திகையிலிருந்து மாசி வரை கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். காலை ஒன்பது, பத்து மணி வரை வெயில் உறைக்காது. மேற்கே மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும்.

பட்டாசு ஓய்கிற மாதத்தையும் சைக்கிளையும் முடிச்சுப் போடுவது விளையாட்டாகத் தோன்றலாம். உலகத்தில் பல சிற்றூர்கள் இந்த முடிச்சைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் 'குட்டி ஜப்பான்' பட்டத்தை இன்னும் பெருமையாகச் சுமக்கிற சிவகாசி அதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

ஹிரோஷிமா மாநிலத்தின் ஒனோமிச்சிக்கும் எஹிமே மாநிலத்தின் இமாபாரிக்கும் நடுவே ஆறு தீவுகள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்பு, கப்பல் கட்டும் பட்டறை, மீன்பிடி என்று பிழைத்தவை. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, வயசானவர்கள் மிஞ்சிய தீவுகள். 1999இல் அவற்றைக் கோக்கும் பாலங்கள் முழுமையானபோது சைக்கிளுக்கும் வழி விட்டார்கள். மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். ஷிமனாமி காய்டோ என்ற அந்தப் பெயர் இன்று உலகம் முழுக்க சைக்கிள்காரர்களுக்குப் பழக்கம்.

கவனிக்க வேண்டியது பாலத்தை அல்ல. பாலம் கட்ட நம்மிடம் கடலும் இல்லை, அந்தக் காசும் இல்லை. பாலத்திலிருந்து தீவுக்குள் இறங்கியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தனிப்பாதை கிடையாது. காரும் லாரியும் போகிற சாதாரண ஊர்ச் சாலைதான். அதன் ஓரத்தில் ஒரு நீலக் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது. 2011இல் இன்னொன்றும் தொடங்கினார்கள்: 'சைக்கிள் ஓயாசிஸ்'. வழியில் இருக்கும் கடை, விடுதி, தோட்டத்து வீடு என்று விருப்பப்பட்டவர்கள் சேரலாம். குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, காற்றடிக்கப் பம்பு, உட்கார ஓர் இடம். தண்ணீருக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் உட்கார்ந்தவர் சும்மா எழுந்து போவதில்லை, ஒரு ஜூஸாவது குடிப்பார். தோட்டத்து எலுமிச்சையில் செய்த ஜாம் பாட்டிலைப் பையில் போட்டுக்கொள்வார். வாடகை சைக்கிளை இந்தத் தீவில் எடுத்து அந்தத் தீவில் விடலாம்.

காரில் போகிறவர் ஐம்பது கிலோமீட்டரை முக்கால் மணியில் கடந்துவிடுவார், அவருக்கு நடுவிலிருக்கும் ஊர்கள் ஜன்னல் காட்சி. சைக்கிளில் போகிறவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், டயர் பஞ்சராகும், சாயங்காலம் கால் வலிக்கும். இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு வியாபாரம்.

எவ்வளவு வியாபாரம்? அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் எம்.கே.டி. ரயில் கம்பெனி 1986இல் கைவிட்ட தடத்தை சைக்கிள் பாதையாக்கினார்கள். பக்கத்து நிலக்காரர்களில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். இன்று சுமார் 386 கிலோமீட்டர் ஓடும் இந்த கேட்டி பாதையை வருஷத்துக்கு 4 லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள், அதனால் 1.85 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதாரப் பலன், 367 பேருக்கு வேலை என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. இந்த மாதிரிக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று சுற்றிவிட்டு டீ குடித்தால் ஊருக்குப் புதுப்பணம் வந்துவிடாது. வேறு கடையில் குடித்திருக்க வேண்டிய டீ இடம் மாறியது, அவ்வளவே. வெளியூரிலிருந்து வந்து ராத்தங்குகிறவர்தான் ஊருக்கு வரவு. சில நூறு பேர் வாழும் ரோச்போர்ட் போன்ற ஊரில் வீட்டு விடுதிகள் நடப்பது அவர்களை நம்பித்தான்.

நியூசிலாந்து இதை வேலைவாய்ப்புத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த 2009இல், வேலையின்மையைப் பேசக் கூட்டிய மாநாட்டிலிருந்து பிரதமர் ஜான் கீ கையில் எடுத்த யோசனை நாடு தழுவிய சைக்கிள் பாதை. 5 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் 2000இல் திறந்த ஒட்டாகோ ரயில்தடச் சைக்கிள் பாதை, சுமார் 150 கிலோமீட்டரில் ஓய்ந்துகிடந்த ஊர்களுக்கு உயிர் கொடுத்ததைத் திட்டம் போட்டவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள்.

நம் பக்கம் அப்படிக் கைவிட்ட தண்டவாளம் கிடையாது. விருதுநகர் – தென்காசி மீட்டர்கேஜ் பாதை, அதே இடத்தில் அகலப்பாதையாகி ரயில் ஓடுகிறது. நம்மிடம் இருப்பவை கண்மாய்க் கரைகளும் போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளும். ஹைதராபாத் 2023இல் வெளிவட்டச் சாலையோரம் சோலார் கூரை போட்டு 23 கிலோமீட்டர் பாதை திறந்தது. பார்க்க அழகு, ஆனால் இரண்டு சாலைகளுக்கு நடுவே ஓடும் பாதையில் எந்தக் கிராமத்துக் கடைக்கு என்ன லாபம்? சிவகாசிக்கு அது முன்மாதிரி ஆகாது.

இங்கே நீலக் கோடு எந்த வழியாகப் போகலாம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. அங்கிருந்து சிவகாசி இருபது கிலோமீட்டர் அளவுதான், சிவகாசியை ஒட்டியே திருத்தங்கல் பெருமாள். தெற்கே இறங்கினால் 2022 முதல் அகழாய்வு நடந்த விஜயகரிசல்குளத்து மேடு. வைப்பாற்றங்கரையில் சங்கு வளையல் அறுத்தவர்களின் ஊர். கிழக்கே சாத்தூர் சேவுக் கடைகளைத் தாண்டினால், அர்ச்சுனா நதி வைப்பாற்றில் சேரும் இருக்கன்குடி. ஏறக்குறைய சமதரை, கியர் சைக்கிள்கூட வேண்டாம், பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கிற சைக்கிளே போதும்.

இருக்கன்குடி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மெதுவாகப் போகிறவனை நம்பிக் கடை போடுவது இந்த ஜனத்துக்குப் புதிதில்லை. ஆடி வெள்ளிக்கு அங்குள்ள கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்காக வழிநெடுக நீர்மோர்ப் பந்தல், இளநீர், பாய் விரித்த திண்ணை என்று எல்லாம் முளைக்கும். பாதயாத்திரையில் பாதி அன்னதானம், அதில் வரவு பார்க்க முடியாது என்பது வேறு விஷயம். உபசரிக்கிற பழக்கம் இருக்கிறது, விலைப்பட்டியல்தான் இல்லை.

தடைகளும் சின்னவை அல்ல. பட்டாசு ஆலை இருக்கிற சாலைகளை அறவே தவிர்க்கவேண்டும். விபத்து பயம் ஒருபுறம், காமிராவோடு திரியும் அந்நியரை அங்கே யாரும் விரும்பமாட்டார்கள் என்பது இன்னொருபுறம். மலையடிவாரம் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம், அங்கே வனத்துறை சொல்வதுதான் சட்டம். பெண்கள் தைரியமாக நுழையக்கூடிய கழிப்பறை வழியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் ஒரு கை விரலே மிச்சமாகிவிடும். அப்புறம், கோடு எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது. ஊருக்குள் நுழைந்து, காலனிப் பக்கம் திரும்பாமல் வெளியேறினால், வரும் காசும் அப்படியே திரும்பாமல் போய்விடும். வரைபடம் போடும்போதே இதைத் தீர்மானிக்கவேண்டும்.

சைக்கிளை நம்பிப் பட்டாசை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்றொரு சிற்றூர். 55 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை நம்பி வாடகைக் கடையும் விடுதியுமாகத் தழைத்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து, ஊருக்கு மேலே மலையேறும் பாதியில் பாலங்களோடு பாதையை அடித்துப் போனது. வாடகைக் கடைகள் தவித்துப்போயின. ஒரே தொழிலில் தொங்குவது என்னவென்று சிவகாசிக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது ஊரே கதிகலங்கியதை மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிள் தருவது நாலு மாதத்துக் கைச்செலவு. இங்கே வட்டிக்கு வாங்கும் வாரங்களும் அந்த நாலு மாதத்துக்குள்தான் வருகின்றன.

முதல் வேலை வாடகைக் கடை. பொதிகை எக்ஸ்பிரஸில் விடிகாலை வந்து இறங்கும் சென்னைக்காரர், சைக்கிளைக் கொண்டுவர வேண்டுமானால் பார்சல் பதிந்து மல்லாட வேண்டும். ஸ்டேஷன் வாசலிலேயே ஐம்பது சைக்கிள் நின்றால் அந்தப் பாடு இல்லை. நோட்டில் பேர் எழுதிக்கொண்டு மணிக்கு இவ்வளவு என்று சைக்கிள் விட்ட கடைகள் ஒருகாலத்தில் எல்லா ஊரிலும் இருந்தன. அந்தக் கடைக்காரர்களில் சிலர் இன்றும் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்ததைச் சாத்தூரில் விடலாம் என்று இரண்டு கடைக்காரர்கள் பேசி முடித்தாலே போதும், பெயிண்ட் டப்பாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.