மரக்கறி வீட்டிலும் நாடாப்புழு நோய்

"எங்க வீட்டுல மீன்கூட வாங்க மாட்டோம் சிஸ்டர். பன்னிப் புழு எப்படி இவ தலைக்குள்ள போச்சு?"

தோவாளைப் பக்கம் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வகுப்பறையிலேயே வலிப்பு வந்து, யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். ஸ்கேனில் மூளையில் ஒரே ஒரு சின்னப் புள்ளி. கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த எனக்கு, நோய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

சரியாக வேகாத பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருந்தால், தின்றவர் குடலில் அந்தப் புழு வளரும். பல மீட்டர் நீளம் வளர்ந்தாலும் அவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. ஆனால் அவர் மலத்தோடு முட்டைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறும். மூளைக்கு ஆபத்து அந்த முட்டையால்தான். அது ஒருவர் வாய் வழியே போய்க் குடலில் பொரிந்தால், குடற்சுவரைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ கட்டியாகத் தங்கும். கட்டி சாகத் தொடங்கும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு வரும். ஆகவே புழு உள்ள ஒருவர் வாய்க்கால் கரையில் ஒதுங்கி, அவர் மலம் பட்ட கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலும், அவர் கழுவாத கையால் பரிமாறிய சோற்றைத் தின்றாலும் போதும். நியூயார்க்கில் 1990களின் தொடக்கத்தில் பன்றி இறைச்சியைத் தொடாத யூதக் குடும்பங்களில் இந்நோய் வந்தது. வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாகப் பரவியிருந்தது. இதைக் கேட்டு வேலைக்கு வரும் பெண்ணைத் துரத்தாதீர்கள். அவரும் நோயாளிதான். மலப் பரிசோதனையும் மாத்திரையும் அவருக்கும் வேண்டும்.

ஸ்கேன் புள்ளிக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் அதை டி.பி. கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுப்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துச் சோதித்து, பலவும் நாடாப்புழுக் கட்டிகளே என்று 1989இல் எழுதினார்கள். வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்தபோது, வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. நோய் நெடுங்காலமாக வேரூன்றிய பல நாடுகளிலும் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இப்படி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு அடுத்த கேரளத்தில் இந்நோய் அரிது. கழிப்பறை வசதியும் சுத்தமும்தான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் மண் மாறிவிடவில்லையே!

பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரை இதற்குச் சிகிச்சை அல்ல. அதிலுள்ள அல்பெண்டசோல் மருந்தை மெடிக்கலில் வாங்கி நீங்களாகவே விழுங்கவும் கூடாது. கட்டி சாகும்போது வீக்கம் கூடலாம் என்பதால் ஸ்டீராய்டுடன் சேர்த்து, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவியும் வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள். முட்டை பரப்புகிறவர் அடுப்படியிலேயே இருக்கலாம்.

ஒற்றைப் புள்ளி பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கரைந்துவிடும். ஆனால் அதற்குள் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாதென்று வலிப்பு மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேளை தவறினாலும் வலிப்பு திரும்பலாம். வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழியை 1999இலேயே நீக்கிவிட்டார்கள். அந்தச் சேதியை எத்தனையோ மாமியார்களிடம் நானே போய்ச் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் மருமகளுக்கு மாத்திரையைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள்.