கோழிக்கு ஊசி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் கடைத்தெருப் பக்கம் போனால், கோழிக் கடைகளின் முன்னால் கூட்டம் நிற்பதைக் காணலாம். கையில் பையுடன் நிற்கும் ஒருவர், "இந்தக் கோழிக்கெல்லாம் ஊசி போடுகிறார்களாமே? சாப்பிடலாமா?" என்று மெதுவாகக் கேட்பார். கடைக்காரர் சிரித்துக் கொண்டே, "நம்ம கோழிக்கு ஊசியே கிடையாது, ஸார்!" என்று சத்தியம் செய்வார். கேட்டவரும் மனத் திருப்தியுடன் வீடு திரும்புவார்.

உண்மையில் அவர் பயந்ததும் வீண். கடைக்காரர் சொன்னதில் பெருமையும் இல்லை. 'ஊசி' என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்து கொண்டு நம்மைக் குழப்புகின்றன. நோய் வருமுன் உடம்பைப் பழக்கி வைப்பது தடுப்பு மருந்து. வந்துவிட்ட பாக்டீரியாக் கிருமியைக் கொல்வது ஆன்டிபயாடிக். நாம் அஞ்ச வேண்டியது இரண்டாவதை வரம்பு மீறிக் கொடுப்பதற்கே, முதலாவதற்கு அன்று.

தடுப்பு மருந்தின் சரித்திரத்தில் கோழிக்குத் தனி மரியாதை உண்டு. 1879-ம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர் கோழிக் காலரா நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அது ஒரு பாக்டீரியாவினால் வருவது. நெடுநாள் கிடந்து பழசாகிவிட்ட கிருமிக் கரைசலைக் கோழிகளுக்குக் குத்தியபோது, அவை சற்றே வாடிப் பின்பு தேறிக் கொண்டன என்று சொல்வார்கள். அப்புறம் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தியும் அவை சாகவில்லை! ஜென்னர் பயன்படுத்திய பசு அம்மை இயற்கை தந்தது. ஆராய்ச்சிச் சாலையில் ஒரு கிருமியைத் தளரச் செய்து அதையே காவலாக்கும் வித்தை, 1880-ல் பாஸ்டர் வெளியிட்ட இந்தக் கோழி மருந்திலிருந்துதான் தொடங்கிற்று.

இந்த வித்தை நம் பக்கத்துக்கு அந்நியமன்று. கிண்டியில் 1899-ல் ஏற்பட்ட கிங் நிலையம் பெரியம்மைக்கான அம்மைப் பால் தயாரித்த இடம். அதே கிண்டியில் 1948-ல் க்ஷயரோகத்துக்கான பி.ஸி.ஜி. மருந்துச் சாலையும் தோன்றிற்று. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் வேண்டிய தடுப்பு மருந்துகளை, 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை சர்க்கார் நிலையம் செய்து வருகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டுச் சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில், கால்நடைப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் விவசாயிகளுக்குப் பயிற்சி தருகிறது.

இனிப் பண்ணைக்குள் நுழைவோம். கறிக்கோழியின் ஆயுள் ஐந்து அல்லது ஆறு வாரமே. அதற்குள் அது கொழுத்துவிடுவது ஏதோ மாய ஊசியால் என்று பலர் நம்புகிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனமும் சத்துள்ள தீனியுமே அதற்குக் காரணம். முதல் வாரத்தில் ராணிக்கெட் நோய்க்காகக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாவது வாரத்தில் கம்போரோ நோய்க்காகக் குடிநீரில் மருந்து. அதன்பின் ராணிக்கெட்டுக்கு மறுபடியும் ஒரு முறை. தண்ணீரிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடாமலிருக்கக் கொஞ்சம் பால் பவுடரும் கரைப்பதுண்டு. ஆகக் கூடி, 'ஊசிக் கோழி'யின் உடம்பில் பெரும்பாலும் ஊசியே ஏறுவதில்லை!

ஆனால் இவ்விரண்டும் வைரஸ் நோய்கள். பாக்டீரியா நோய்களுக்கு என்ன வழி? இங்கேதான் சிக்கல். கொன்ற கிருமியிலிருந்து செய்யும் மருந்து நன்கு வேலை செய்ய இரண்டு ஊசியும் சில வாரங்களும் வேண்டும். அதற்குள் கோழி கடைக்கே வந்துவிடுகிறது. மேலும் கோலிக் கிருமி போன்றவற்றில் குலங்கள் பல. ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றொன்றுக்குப் பலிப்பதில்லை.

ஆகையால் அறிஞர்கள் குஞ்சை விட்டுத் தாயைப் பிடித்தார்கள். முட்டையிடும் தாய்க் கோழிகளுக்கு ஊசி போட்டால், அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கருவின் வழியாகக் குஞ்சுக்குச் சேர்கிறது. தாய் தந்த அந்தச் சீதனம் குஞ்சின் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் துணை நிற்கும். சில தேசங்களில், வீரியம் குறைத்த கோலிக் கிருமியைக் குஞ்சு பொரித்த நாளிலேயே அதன்மேல் பனிபோல் தெளிக்கும் முறையும் வந்திருக்கிறது.

எனினும் தடுப்பு மருந்து மட்டும் போதாது. கோலிக் கிருமி பெரும்பாலும் மற்றொருவர் திறந்துவிட்ட கதவின் வழியாகவே நுழைகிறது. ராணிக்கெட் நோய் மூச்சுக் குழலைப் புண்ணாக்கலாம். அல்லது, ஐப்பசி கார்த்திகை மழையில் கொட்டகையின் கூளம் நனைந்து, அதிலிருந்து எழும் அம்மோனியா நெடி அந்த வேலையைச் செய்யலாம். உலர்ந்த உமி, நல்ல காற்று, சுத்தமான நீர் - இவையும் தடுப்பு மருந்துகளே!

இந்தச் சிரமங்களுக்குச் சோம்பி, நோயில்லாத மந்தைக்கும் ஆன்டிபயாடிக்கைத் தீனியிலும் நீரிலும் கலந்து கொடுப்பது சுலபமான குறுக்கு வழி. விலையோ நாம் கொடுப்பது. தினம் தினம் மருந்தைச் சந்திக்கும் கிருமிகளில் அதற்கு மசியாதவை பிழைத்துப் பெருகுகின்றன. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்தியர்கள் காத்து வைத்திருந்த கோலிஸ்டின் மருந்தையும் கோழிக்குக் கொடுத்து வந்ததால்தான், 2019 ஜூலையில் இந்திய சர்க்கார் அதைத் தடை செய்தது.

"நாங்கள் கோழியைத் தொடுவதே இல்லை, எங்களுக்கென்ன?" என்று சில நேயர்கள் கேட்கலாம். கிருமிக்குச் சைவம், அசைவம் தெரியாது. பண்ணையின் எருவோடும் சாக்கடை நீரோடும் அது ஊருக்குள் வரும். மருந்துக்கு மசியாத கிருமி ஒரு குழந்தையைப் பற்றினால், அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பற்றாது.

வேறு வழி உண்டா? பிரிட்டனைப் பாருங்கள். டைபாய்டுக் கிருமியின் பங்காளியான ஸால்மோனெல்லா, 1988-ல் முட்டை வழியாக அந்த நாட்டையே கதிகலங்கச் செய்தது. பத்து வருஷம் கழித்து, முத்திரை பெற்ற பண்ணைகளில் முட்டைக் கோழிகளுக்கெல்லாம் தடுப்பு மருந்தைக் கட்டாயமாக்கினார்கள், சுத்தத்தையும் இறுக்கினார்கள். 2017-ல், முத்திரையுள்ள முட்டையை அரை வேக்காட்டில் கர்ப்பிணிகளும் உண்ணலாம் என்று அங்குள்ள உணவு அதிகாரிகளே சொல்லும் நிலை வந்தது.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள். "ஊசி போட்ட கோழியா?" என்று வேண்டாம். "தடுப்பு மருந்து கொடுத்த பண்ணையா? ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், நிறுத்திப் போதிய நாள் ஆயிற்றா?" என்று கேளுங்கள். கடைக்காரர் முதல் தடவை விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் பண்ணைக்காரரைக் கேட்பார். நூறு பேர் கேட்டால் பண்ணைக்காரர் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.