கட்டிலில் பாவு ஓடலாம்

"தறி கிடக்கு, நூலும் கிடக்கு. பாவு ஓட எங்க போற?" வயலை விட்டு வந்து கல்லடியில் குடியிருந்த ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது.

கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் கைத்தறி பரம்பரைத் தொழில். அங்கே பாவு ஓட்டப் பெரிய மரச்சக்கரம் உண்டு. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் நாட்டில் பல தறிகள் நின்றன. 2004 டிசம்பர் 26இல் அந்த ஊரையும் கல்லடியையும் ஒரே காலையில் கடல் அடித்தது. ஆனாலும் அங்கே நெசவு அழிந்துவிடவில்லை. நமக்கோ சக்கரம் வைக்க இடமுமில்லை, வாங்கப் பணமுமில்லை.

முதலில் வளவில் இரண்டு கதியால்களை அடித்து நடந்து நடந்து ஓடிப் பார்த்தோம். மணல் நிலமல்லவா? இழை கூடக்கூட இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன. சாய்வு நாலு விரல்தான். தறியில் ஏற்றியபோது முதலில் ஓடிய இழைகள் தொங்கின, பிந்தியவை இறுகி அறுந்தன. நூற்காசு வீணானது. இழை எத்தனை என்பதைவிட எல்லாம் ஒரே நீளமா என்பதே பெரிது என்று அன்று விளங்கியது.

பிறகு கட்டிலைக் கவிழ்த்தோம். ஆறடிக்கு மூன்றடிக் கட்டிலின் கால்கள் நான்கும் நான்கு முளைகள். ஒரு காலில் தொடங்கி மூன்று பக்கம் சுற்றி நாலாவது காலை வளைத்து, வந்த வழியே திரும்புங்கள். நீளம் ஏறத்தாழ நாலரை மீற்றர். ஒன்றரை மீற்றர் துவாய் இரண்டுக்குப் போதும். மிச்சம் தறியில் கழியும். கால் ஆடினால் கால்களின் நுனிகளுக்கிடையே தடி கொடுத்துக் கட்டுங்கள்.

முதற்பக்கச் சட்டத்தில் இரண்டு தடிகளை நட்டுக் கட்டுங்கள். போகும்போது முதற்தடிக்கு இடமும் அடுத்ததற்கு வலமும், வரும்போது மாறியும் நூலை விடுங்கள். இந்தக் குறுக்குத்தான் இழைகளின் வரிசையைக் காக்கும். அதைக் கயிற்றால் கட்டாமல் கட்டிலிலிருந்து கழற்றினால், பிறகு சிக்கெடுக்க யாராலும் முடியாது.

24 அங்குல அகலம், அங்குலத்துக்கு 40 இழை என்றால் 960 இழை. போய்வருவது 480 தரம். 40 இழைக்கொரு முறை நிறநூலால் முடிச்சுப் போட்டால் எண்ணிக்கை தவறாது. ஒரு கழி 840 யார் ஆகையால் ஆறு கழி போதும். நூலுருண்டையைச் சிரட்டைக்குள் வைத்தால் உருளாது. கச்சான் எழும்புமுன் காலையில் தொடங்குங்கள். இரவில் படுக்கவும் கட்டில் வேண்டுமே!

கழற்றும்போது சங்கிலிபோல் கோத்தெடுங்கள். துவாய் முடிந்ததும் அச்சில் நிற்கும் பழைய இழைகளை உருவிவிடாதீர்கள். அடுத்த பாவை அவற்றோடு ஒவ்வொன்றாக முடிந்து இழுத்தால், 960 இழையையும் மீண்டும் கோக்கும் வேலை இல்லை.